பாயிண்டருக்குப் போன தொடை

பாயிண்டர் என்று ஒரு வேட்டை நாய் இனம் இருக்கிறது. அது எதையும் பிடிக்காது. இரை எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். மூக்கைக் காற்றில் உயர்த்திக்கொண்டு மைல் கணக்கில் ஓடும். புதருக்குள்ளிருந்து ஒரு பறவையின் வாடை வந்துவிட்டால் ஓட்டத்தின் நடுவிலேயே கல்லாகிவிடும். முன்னங்கால் ஒன்று மடங்கி மேலே நிற்கும். வால் குச்சிபோல் நீளும். மூக்கு அந்தப் புதரை நோக்கியே இருக்கும். அதன் பிறகு கூப்பிட்டாலும் வராது, அதட்டினாலும் அசையாது.

இந்த இனத்தைப் பற்றி எனக்கு நிறையவே தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் என்னிடம் ஒன்று இருந்தது. அதைப் பற்றிய புத்தகமும் இருந்தது. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு தப்புக் காரியம் செய்தேன். எண்பது வயது தாண்டியபின் அதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாட்களை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது, வெட்கம் கொஞ்சம் பிந்தி வருகிறது. வருகிற வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், கோலா பிலாவிலிருந்து பகாவ் போகும் சாலையில் இருந்தது. நான் அங்கே சின்னக் கிராணி, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிறவன். இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, சிரம்பானில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை படித்தவன் என்ற கர்வம் நிறைய. தோட்டத்துத் துரைக்கு உள்ளான் குருவி சுடுவதில் பைத்தியம். அறுப்பு முடிந்த மலாய்க்காரர் வயல்களில் குருவி வந்து இறங்கும் மாதங்களில் அவர் ஆபீசுக்கே ஒழுங்காக வரமாட்டார். அதற்காகச் சீமையிலிருந்து வரவழைத்து வைத்திருந்த பெட்டை நாய் அது. வெள்ளை உடம்பில் ஈரல் நிறத் திட்டுகள், தொங்கும் காதுகள், எப்போதும் மன்னிப்புக் கேட்பதுபோன்ற கண்கள்.

ஜப்பான்காரன் வடக்கே இறங்கிவிட்டான் என்ற செய்தி வந்து சில வாரங்களில் துரை மூட்டை கட்டினார். காரில் பெட்டிகள், துரைசாணியின் தொப்பிகள், ஒரு தையல் மிஷின் எல்லாம் ஏறின. நாய்க்கு மட்டும் இடம் இல்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டு, நாயின் சங்கிலியையும், நாய் இனங்களைப் பற்றிய கனமான படப் புத்தகம் ஒன்றையும், நாயின் வம்சாவளிக் காகிதத்தையும் கையில் கொடுத்தார். தினமும் பச்சை மாட்டிறைச்சியும் பாலும் கொடு, உடம்பைச் சீவிவிடு, நான் சீக்கிரம் வந்துவிடுவேன் என்றார். கார் போய்விட்டது. வம்சாவளியைப் பிரித்துப் பார்த்தேன். நாயின் ஐந்து தலைமுறைப் பாட்டன் பாட்டிகள் அதில் வரிசையாக இருந்தார்கள். எனக்கு என் தாத்தாவுக்கு மேலே ஒரு பெயரும் தெரியாது. இனி மரவள்ளிக்கிழங்கு தின்னப்போகிற ஒரு ராஜகுமாரியுடன் நான் சாலையில் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாளே அவள் தன் குலத்தொழிலைக் காட்டினாள். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று வேலியோரத்தில் அடைக்கு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தவள் அப்படியே உறைந்து போனாள். நான் ஆபீசுக்குப் போய்த் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றிருந்தாள். சுற்றிலும் கூலிக்காரர் குடியிருந்த லயத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். நாய்க்கு அருள் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நெற்றியில் திருநீறு பூசி, முன்னால் சூடம் ஏற்றி, ஒரு அம்மாள் தன் மகன் எப்போது ஊர் திரும்புவான் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கோழி எழுந்து போனதும் அருள் இறங்கிவிட்டது. நாய் சூடத் தட்டை நக்கிப் பார்த்துவிட்டுத் தும்மியது.

அன்றைக்கு ஆரம்பித்துப் புத்தகத்தில் பாயிண்டர் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தோட்டத்தில் படிப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. முந்நூறு வருடங்களுக்கு முன்னால் இந்த நாய்கள் ஸ்பெயினிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தன என்று போட்டிருந்தது. மோப்ப நாயின் மூக்கும் ஓட்ட நாயின் காலும் கலந்து பிறந்தவை. துப்பாக்கி பழக்கத்துக்கு வருவதற்கு முன்பு, நாய் நின்று காட்டும் இடத்தில் ஆட்கள் வலையை வீசிப் பறவையை நாயோடு சேர்த்து மூடுவார்களாம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டு மாதக் குட்டிகூட வண்ணத்துப்பூச்சியைப் பார்த்துக் காலைத் தூக்குமாம். ஒரு பாயிண்டர் நிற்பதைத் தூரத்தில் பார்த்தால் மற்ற பாயிண்டர்களும் மரியாதைக்காக அங்கங்கே நின்றுவிடுமாம். எதையும் கடிக்காத, யாரோடும் சண்டைக்குப் போகாத, சாந்தமான சாதி.

ஜப்பான்காரன் வந்தபின் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது நின்றது. ரப்பர் மரங்களுக்கு நடுவே காட்டைத் திருத்தி மரவள்ளி போட்டார்கள். அரிசி அபூர்வமாயிற்று, உப்பு அதைவிட அபூர்வம். மரவள்ளி விளைந்ததும் காட்டுப்பன்றிகள் குடும்பம் குடும்பமாக வந்தன. துப்பாக்கிகளையெல்லாம் ஜப்பான்காரன் வாங்கிக்கொண்டு போய்விட்டதால், எங்கள் ஆட்கள் பழைய லாரியின் வில்பட்டையை அடித்துத் தட்டி வேல்கம்பு செய்தார்கள், நார்க்கயிற்றில் வலை பின்னினார்கள், லயத்து நாய்களைத் திரட்டினார்கள். தலைமை தாங்கியவர் எங்கள் பழைய கங்காணி. ஐம்பது வயதிலும் பன்றிக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்கிறவர். பட்டினியான காலம்தான். ஆனால் வேட்டை இருக்கும் காலைகளில் தோட்டமே திருவிழாவுக்குப் போவதுபோல் கிளம்பும்.

பங்கு பிரிப்பதற்கு ஒரு முறை இருந்தது. வந்த ஆளுக்கு ஒரு பங்கு. ஓடிய நாய்க்கு அரைப் பங்கு, அது நாயின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும். பன்றியை முதலில் கவ்வி நிறுத்திய நாய்க்கு ஒரு பின்னந்தொடை முழுதாக. அதில் கங்காணி ஒரு விரல் அளவுகூடக் குறைக்கமாட்டார்.

அந்தத் தொடை பெரும்பாலும் ஒரே வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. முப்பது வயதிருக்கும் ஒரு பால்வெட்டுக்காரப் பெண்ணின் வீடு அது. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். ஜப்பான்காரன் வந்த முதல் வருடமே புருஷன் மலேரியாவில் போய்விட்டார். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு மரவள்ளி ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டால் வாந்தி, வயிற்றோட்டம். அரிசிக் கஞ்சி கொடுத்தால்தான் தேறும். பகாவில் ஒரு சீனக் கடைக்காரர் முழுத் தொடையாகக் கொண்டுவந்தால் அதற்குப் பதிலாக அரிசி கொடுப்பார். துண்டு இறைச்சியை ஏறிட்டும் பார்க்கமாட்டார். எனவே நாய் தொடை வாங்கிய வாரம் குழந்தைக்குக் கஞ்சி உண்டு, வாங்காத வாரம் இல்லை. இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அக்காவின் நாய் செவலை நிறம், கறுப்பு மூஞ்சி. கோம்பை நாய் என்று சொல்லுவார். ஊரில் பன்றி வேட்டைக்கென்றே வளர்க்கிற சாதி அது. மாமனார் கப்பலில் வரும்போது ஒரு குட்டியைத் தலைப்பாகைக்குள் மறைத்துக்கொண்டு வந்ததாகவும், இது அந்த வம்சம் என்றும் கதை. அதில் தோட்டத்து நாய்கள் பல தலைமுறையாகக் கலந்து, கடைசியில் அந்தக் கறுப்பு மூஞ்சி மட்டும்தான் மிச்சம். ஒருமுறை ஆண்கள் அவரைச் சீண்டினார்கள். தலைப்பாகைக்குள் இருந்த குட்டி கப்பல் டாக்டர் முன்னால் குரைக்கவில்லையா என்று கேட்டார்கள்.

“கோம்பை கொலைக்காது. கேள்வி கேக்குறவனக் கடிக்கும்,” என்றார் அக்கா.

என் ராஜகுமாரியை நான் முதன்முதலாக வேட்டைக்குக் கூட்டிப்போனது இறைச்சி ஆசையில்தான். என் வீட்டில் யாரும் பட்டினியாக இல்லை. நான் ஒருத்தன்தான். ஆபீஸ்காரன் என்று கிராணிக்குக் கொஞ்சம் அரிசிகூடக் கிடைத்துக்கொண்டிருந்தது. நாய் ஓடினால் ஓர் அரைப் பங்கு கூடுதலாகக் கிடைக்குமே என்று கணக்குப் போட்டேன்.

அவிழ்த்துவிட்டதும் அவள் ஓடிய அழகைப் பார்த்து எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். மற்ற நாய்கள் தரையை முகர்ந்துகொண்டு போக, இவள் தலையை நிமிர்த்திக்கொண்டு காற்றைக் குடிப்பதுபோல் பறந்தாள். ஓடை ஓரத்தில் ஒரு பெரிய புதர். அதற்குப் பத்தடி முன்னால் சட்டென்று நின்றாள். கால் மேலே போயிற்று, வால் நீண்டது. லயத்து நாய்கள் வந்து அவளைச் சுற்றி நின்று குழம்பின. ஒன்று அவள் காதை நக்கிப் பார்த்தது. அசையவில்லை.

“என்னா கிராணி, சாவி குடுக்க மறந்துட்டீங்களா?” என்றார் கங்காணி.

உள்ளே பன்றி இருக்கிறது என்றேன். இருந்தால் போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள் என்றார். பிடிக்காது, காட்டத்தான் செய்யும், அதுதான் இந்த சாதியின் குணம் என்று விளக்கினேன்.

அக்கா வேல்கம்பை ஊன்றிக்கொண்டு நாயை மேலும் கீழும் பார்த்தார். “தொரை வளத்த நாயில்ல. கைய நீட்டிக் காட்டும். வேலய நாமதான் செய்யணும்.”

சிரித்த சிரிப்பில் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் புதர் வெடித்ததுபோல் பன்றி வெளியே பாய்ந்தது. உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்திருக்க முயன்ற நேரத்தில் அது அவர் கால்களுக்கு நடுவே நுழைய, அவர் பன்றியின் முதுகில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தபடி ஐந்தாறு கஜம் சவாரி போய் ஓடையில் விழுந்தார். செவலை குறுக்கே போய்ப் பன்றியின் காதைக் கவ்வி நிறுத்தியது. வேல்கம்புகள் இறங்கின. ஓடையில் விழுந்தவர், பன்றி செத்ததா என்று கேட்பதற்கு முன்னால் தன் சவாரியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டார்.

இத்தனை அமர்க்களத்துக்கும் நடுவில் பாயிண்டர் அதே இடத்தில், காலியான புதரைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது.

ரப்பர் மரத்தடியில் வாழையிலை பரப்பிப் பங்கு பிரித்தார்கள். கங்காணி தொடையை அறுத்து அக்காவிடம் நீட்டப் போனார். நான், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அந்தச் சிரிப்பும் வெறியும் எல்லோருக்கும் தலைக்கேறியிருந்த நேரம். எனக்கு அதற்கும் மேலே. வீட்டுக்கு ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தேன். போக வரக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். வழியில் யோசிக்க எனக்கு வேண்டிய அவகாசம் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பாயிண்டர் படம் இருந்த பக்கத்தைப் பிரித்துக் கங்காணியிடம் காட்டினேன். படத்துக்குக் கீழே இரண்டு வரிதான். ‘காட்டி நிற்கும் பெட்டை. உயர்ந்த முன்னங்காலைக் கவனிக்கவும்.’ நான் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு ஸ்பெயின், வலை, முந்நூறு வருடம், வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அதுவரை எல்லாம் உண்மை. பிறகு இப்படிச் சேர்த்தேன்: இங்கிலாந்து ராஜாவின் வேட்டையில், இரை இருக்கும் இடத்தைக் காட்டும் நாய்க்குத்தான் முதல் பங்கு. பிடிக்கிற நாய் அதற்கு அடுத்தபடிதான். அது அங்கே சட்டம்.

அப்படி ஒரு வரி அந்தப் புத்தகத்தில் எங்கும் கிடையாது.

கங்காணி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் நேர்மையானவர். முறை என்று ஒன்று இருந்தால் அதை மீறமாட்டார். அதுவரை அவருக்குத் தெரிந்த முறை வாய்வழியாக வந்தது. இது அச்சில் இருந்தது, அதுவும் இங்கிலீஷில். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கண் தெரியும்.

“ரெண்டு வரிக்கா கிராணி இவ்வளவு நேரம்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“இங்கிலீசு அப்படித்தாம்மா. கொஞ்சமா எழுதி நெறயாச் சொல்லும்,” என்றார் கங்காணி, மிகவும் பொறுமையாக.

“எங்க நாயி அதுல இருக்கா?”

புரட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு இல்லை என்றேன். அக்கா தலையை ஆட்டினார். “நல்லது. இருந்திருந்தா இதுவும் ஒத்தக் கால்ல நிக்கக் கத்துக்கிட்டிருக்கும்.”

மறுபடியும் சிரிப்பு. தொடை எனக்கு வந்தது.

அதன் பிறகு வந்த சில மாதங்களை என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான மாதங்கள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அது உண்மை. என் நாய் உண்மையிலேயே உபயோகமானவள்தான். முன்பெல்லாம் பாதி வேட்டையில் வெறுங்கையோடு திரும்புவார்கள். இவள் வந்தபின் அப்படி நடந்ததே அபூர்வம். அவள் நின்றால் வலையை ஓசைப்படாமல் சுற்றிக் கட்டிவிட்டுப் பிறகு மற்ற நாய்களை ஏவினார்கள். அவளுக்கு ஒரு நியாயமான பங்கு உண்டு. தொடை மட்டும் அவளுடையது அல்ல. ஏழெட்டுத் தொடைகள் என் வீட்டுக்கு வந்தன. சுட்டேன், வறுத்தேன், புகையில் தொங்கவிட்டேன், சிநேகிதர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தேன். ஆர்மோனியம் வாசிப்பவர் ஒருவர் ஓட்டை ஆர்மோனியத்தோடு வருவார். நாங்கள் பாடுவோம். நாய்க்கு எலும்பு போடுவோம். அவள் அதையும் உடனே தின்னமாட்டாள். முதலில் காலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் தின்பாள்.

அந்த நாட்களில் ஒருநாள் அக்கா என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். தனக்குக் கிடைக்கும் ஆள் பங்கையும் நாய் பங்கையும் சேர்த்து எனக்குத் தந்துவிடுவதாகவும், பதிலுக்குத் தொடையைக் கொடுத்தால் போதும் என்றும் கேட்டார். எடைக்கு எடை எனக்கு நஷ்டமே இல்லை. தொடையாக இருந்தால்தான் கடைக்காரர் அரிசி தருவார் என்பதற்காகவே கேட்டார். நான் அப்போது ஒரு வேடிக்கை மனநிலையில் இருந்தேன்.

“அது நாயோட சொத்துக்கா. அது கையெழுத்துப் போட்டாத்தான் நான் குடுக்க முடியும்,” என்றேன்.

அக்கா சிரித்தார். சிரித்தபடியே திரும்பிப் போனார். அவர் சிரித்ததால் விஷயம் பெரிதில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அந்த ஹாஸ்யத்தை நாலு பேரிடம் சொல்லிக் காட்டியும் இருக்கிறேன்.

அவர் வேறு வழி கண்டுபிடித்தார். பாயிண்டர் நின்று காட்டுவதற்கு முன்பே பன்றி கிளம்பிவிட்டால் பழைய முறைதானே செல்லும்? பிடித்த நாய்க்குத்தானே தொடை? எனவே செவலையைத் தன் கயிற்றிலேயே வைத்திருந்து, எல்லோருக்கும் முன்னால், வலை கட்டுவதற்கும் முன்னால், தனியாக ஏவிவிட ஆரம்பித்தார். அதுவும் சளைக்காமல் பாய்ந்தது. இரண்டு முறை ஜெயித்தது. அந்த இரண்டு வாரங்களும் குழந்தைக்குக் கஞ்சி. கங்காணி மட்டும், வலை இல்லாமல் விடாதேம்மா, கிழித்துவிடும் என்று கண்டித்தார்.

மூன்றாவது முறை வந்தது கொம்பன். கீழ்த்தாடையிலிருந்து இரண்டு தந்தங்கள் வெளியே வளைந்திருந்த கிழட்டு ஆண் பன்றி. பனி விலகாத காலை, மூங்கில் புதர். என் நாய் வெட்டவெளியில் நின்று காலைத் தூக்கிய அதே நேரத்தில் அக்காவும் கயிற்றை விட்டுவிட்டார். பன்றி புதரிலிருந்து நேராக என் நாயை நோக்கித்தான் வந்தது. என் நாய் நகரவில்லை. நகர்வது அந்த இனத்தின் ரத்தத்திலேயே இல்லை. அவளுக்குப் பின்னால் வேல்கம்போடு நான் இருந்தேன். நானும் நகரவில்லை. எனக்கு எந்த இனத்தைச் சொல்லித் தப்பிப்பது என்று தெரியவில்லை. செவலை பக்கவாட்டில் வந்து அவளைத் தாண்டிப் பன்றியின் கழுத்தில் விழுந்தது. தந்தம் அதன் வயிற்றைத் திறந்துவிட்டது. அப்படியும் ஆட்கள் வந்து குத்தி முடிக்கிறவரை அது பிடியை விடவில்லை.

அக்கா தன் முந்தானையைக் கிழித்து அதன் வயிற்றைக் கட்டினார். வெயில் ஏறுவதற்குள் அது செத்துப்போயிற்று. அந்த மரத்தடியில் அன்றைக்கு ஒருவர்கூட வேடிக்கை பேசவில்லை.

கங்காணி தொடையை அறுத்து எடுத்துவிட்டு, அதை யாரிடமும் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“தம்பி, காட்டுன நாயக் காப்பாத்திட்டு ஒரு நாயி செத்துப்போனா, அதுக்குப் பொஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?”

அவர் நிஜமாகவே கேட்டார். நான் எதைச் சொன்னாலும் அப்படியே செய்திருப்பார். அந்த நாய்க்குத்தான் தொடை என்று இன்னொரு வரியைச் சேர்த்திருக்கலாம். முன்பு சேர்த்தவனுக்கு அது பெரிய காரியமா? ஆனால் அன்றைக்குத்தான் எனக்குத் திடீரென்று புத்தகத்தின் மேல் விசுவாசம் வந்தது.

“ஒண்ணும் போடலை,” என்றேன்.

“அப்படீன்னா காட்டுனதுக்குத்தான்,” என்று சொல்லித் தொடையை என் முன்னால் இலையில் வைத்தார். அக்கா செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் தொடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கிழட்டுப் பன்றியாக இருந்தும் நல்ல கொழுப்பு. மிளகாய் போட்டு வறுத்துத் தின்றேன். ருசியாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

நாய் இல்லாத வீட்டுக்குத் தொடை ஏது? இரண்டு வாரத்தில் அக்கா தோட்டத்தை விட்டுக் கிளம்பினார். போர்டிக்சன் கடற்கரையில் அவருடைய தம்பி கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மரவள்ளி லாரியில் ஏறிப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகுதான் என் ராஜகுமாரியின் வயிறு பெருத்தது. நான்கு குட்டிகள் போட்டாள். நான்குக்கும் கறுப்பு மூஞ்சி. அப்பன் யார் என்று கேட்கவே வேண்டாம். தோட்டமே வந்து பார்த்துச் சிரித்தது. துரையின் வம்சாவளிக் காகிதத்தில் ஆறாம் தலைமுறையைச் சேர்க்கச் சொல்லி எனக்கு யோசனை சொன்னார்கள். அந்தக் குட்டிகள் இரண்டு மாதத்தில் செய்த கூத்தைச் சொல்லி முடியாது. கோழியைப் பார்த்தால் கோம்பைபோல் உறுமிக்கொண்டு பாயும். பாதி தூரத்தில் தாயின் ரத்தம் விழித்துக்கொள்ளும். சட்டென்று பிரேக் போட்டு, ஒரு காலைத் தூக்கி நின்று, அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும். கோழி அதற்குள் நிதானமாக நடந்து போய்விடும்.

அவற்றைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான், அக்காவுக்கு நான் ஒரு நாய் பாக்கி என்று தோன்றியது. தோன்றியவுடன் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பரிகாரம் இவ்வளவு சுலபமாகக் கையில் இருக்கிறதே என்ற பூரிப்பு. நான்கில் துடியானதைப் பொறுக்கி ஒரு பிரம்புக் கூடையில் வைத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ரப்பர் தோட்டத்துக்காரன் சைக்கிளுக்கு டயர் கிடையாது. செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் மாட்டியிருந்தேன். கோலா பிலா தாண்டி மலைப்பாதையில் ஏறி இறங்குவதற்குள் என் பற்கள் எல்லாம் இடம் மாறியிருக்கும். நான் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

சிரம்பானுக்குள் நுழையும் இடத்தில் ஜப்பான் காவல். சைக்கிளை விட்டு இறங்கி, குனிந்து வணங்கிவிட்டுத்தான் போகவேண்டும். நான் வணங்கினேன். சிப்பாய் கூடையைத் திறக்கச் சொன்னான். குட்டி வெளியே குதித்து நேராக அவனை நோக்கி ஓடி, அவன் பூட்ஸுக்கு இரண்டடி முன்னால் விறைத்து நின்று காலைத் தூக்கியது. அவன் பின்னால் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. அது அவனுக்குத் தெரியாது. தனக்குத்தான் மரியாதை செய்கிறது என்று நினைத்துவிட்டான். முதலில் திகைத்தான், பிறகு அவனும் விறைத்து நின்று குட்டிக்குப் பதில் சல்யூட் அடித்தான். இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். புறா பறந்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு சிகரெட்டும் கொடுத்து அனுப்பினார்கள். நெடுந்தூரம்வரை தனியாகச் சிரித்துக்கொண்டு மிதித்தேன்.

மறுநாள் முற்பகலில் போர்டிக்சனுக்குப் பக்கத்தில் கடற்கரை ஓரம் அந்தக் குடிசையைக் கண்டுபிடித்தேன். தகரத்தில் கடல் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். கறுத்து, பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, வாங்க கிராணி, இவ்வளவு தூரமா என்று ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார். குழந்தை உயிரோடு இருந்தது. வயிறு மட்டும் முன்னால் தள்ளி, கையும் காலும் குச்சியாக. குட்டியைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டது.

நான் சைக்கிளில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன்.

“அக்கா, பொஸ்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லை. நானாத்தான் சேத்துச் சொன்னேன்.”

“அதத்தான அன்னிக்கே சொன்னேன்,” என்றார் அக்கா.

அவர் குரலில் கோபம் இல்லை. நான் என்னவோ புதுச் செய்தி கொண்டுவந்ததுபோல் அவ்வளவு தூரம் மிதித்து வந்ததுதான் அவருக்கு விநோதமாக இருந்திருக்கும். நான் அவசரமாகக் குட்டியைக் காட்டி, இது செவலையின் குட்டி, உங்களுக்காகத்தான் கொண்டுவந்தேன், நன்றாக ஓடும், மூக்கும் உண்டு, பல்லும் உண்டு என்று அதன் குணங்களை அடுக்கினேன். ஒரு சாதி நாயை விற்க வந்தவன்போலவே பேசினேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கடலைக் காட்டினார்.

“இங்க பன்னி எங்க கிராணி இருக்கு? இருக்கிற வாயி பத்தாதுன்னு இன்னொரு வாயா?”

அவர் அடுப்பைக் கிளறிவிட்டு, குழந்தையைத் திரும்பிப் பார்த்தபடி, சாதாரணமாகச் சொன்னார்.

“ஒரு தொடையக் கொண்டாந்திருக்கலாம்.”

என் வீட்டு அடுப்புக்கு மேலே அப்போது ஒரு தொடை புகையில் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் அரிசியும் இருந்தது. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று என் புத்தியில் படவே இல்லை.

அக்கா போய்க் குழந்தையின் கைகளை ஒவ்வொன்றாக விலக்கிக் குட்டியை எடுத்தார். குழந்தை அழுதது. குட்டியைக் கூடையில் வைத்து மூடி, கயிற்றையும் அவரே இறுக்கிக் கட்டினார். நான் சைக்கிளைத் திருப்பியபோது பொறுங்கள் என்று சொல்லி உள்ளே போய், வாழைச் சருகில் பொதிந்த ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினார். உப்பு. இரண்டு கை கொள்ளும். அவர்கள் அதைக் கொடுத்துத்தான் சாப்பாட்டுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“தோட்டத்துல கெடைக்காதே. இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போகாதீங்க.”

வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

அந்தத் தொடையை அந்த உப்புப் போட்டுச் சமைத்தேன். உப்பில்லாமல் தின்ற இறைச்சி எல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. உப்பு ஒரு மாதத்துக்கு மேல் வந்தது. தீரும்வரை சாப்பிட்டேன்.